வீட்டுக் கணினியின் சாவி யார் கையில்?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் மலேசியத் திருநாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. பாடங்கள் வீடு தேடி வந்தன. அதுவரை கணினியை அலுவலகங்களிலும் கடைகளிலும் மட்டுமே கண்டு பழகிய குடும்பங்கள் பல, சேமிப்பில் கைவைத்தும் கூட்டுப் பணம் எடுத்தும் பிள்ளைகளுக்காக ஒரு கணினியை வாங்கின. சில வீடுகளுக்குப் புதியது வந்தது. பல வீடுகளுக்குப் பிறர் பயன்படுத்திய பழையது வந்தது. அன்று பாடத்திற்காக வந்த அக்கணினி இன்று வீட்டில் அனைவருக்கும் பயன்படுகின்றது. பிள்ளைகள் அதில் இடுபணி செய்கின்றனர். தந்தையார் தம் சேமநிதிக் கணக்கைப் பார்க்கின்றார். தாயார் குடும்ப விழாப் படங்களைச் சேர்த்து வைக்கின்றார்.

இத்துணைப் பயன் தரும் கருவி, ஒருநாள் திடீரென்று "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரையில் எழுதிக் காட்டினால் வீட்டார் திகைத்துப் போகின்றனர். கணினி பழுதாகிவிட்டது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். யாரோ சொன்ன குறுக்கு வழியைப் பிள்ளை முயன்று பார்க்கிறது. ஈற்றில் கணினி கடைக்குப் போகிறது. கூலியில் ஒரு பகுதியும் அதனுடன் போகிறது. உண்மையில் அங்கே பழுது எதுவும் இல்லாமலே இருக்கலாம். காவற்காரன் தன் கடமையைச் செய்திருக்கலாம். அக்காவல் யாது, அது ஏன் வைக்கப்பட்டது, அதன் சாவி யாரிடம் இருத்தல் வேண்டும், அது மறுத்தால் நாம் செய்ய வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் எளிய முறையில் விளக்க விழைகின்றோம். வீடுகளில் மிகுதியாகப் புழங்குவது விண்டோஸ் இயங்குதளமே ஆதலின், அதனையே எடுத்துக்கொள்வோம்.

நிர்வாகி என்பவர் யார்?

தோட்டத்தில் மருந்து ஸ்டோர் ஒன்று உண்டு. களைக்கொல்லியும் உரமும் அங்கேதான் இருக்கும். வேலைக்குப் போகும் அனைவருக்கும் மருந்து தேவைப்படும். ஆயினும் அனைவர் கையிலும் ஸ்டோர் சாவி இருப்பதில்லை. பொறுப்பாளர் ஒருவரே கதவைத் திறந்து, கேட்டவரின் பெயரையும் அளவையும் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, வேண்டியதை அளந்து கொடுப்பார். இவ்வேற்பாடு தொழிலாளரை நம்பாமையால் வந்ததன்று. நஞ்சு கைதவறிப் போனால் பலருடைய உயிருக்குக் கேடு வரும் என்பதனால் வந்தது.

கணினியிலும் இவ்வாறே இரு வகையான பயனர்கள் உளர். ஒருவர் நிர்வாகி, ஆங்கிலத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றும் மலாயில் 'பெந்தாட்பிர்' என்றும் வழங்குவர். மற்றவர் சாதாரணப் பயனர். இவரை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்பர். சாதாரணப் பயனர் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம், இணையத்தில் உலவலாம், தம் கோப்புகளைச் சேமிக்கலாம், அழிக்கலாம். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இவற்றுள் அடங்கிவிடும். ஆனால் கணினி முழுவதையும் பாதிக்கும் செயல்களை அவர் தாமாகச் செய்ய இயலாது. அனைவருக்குமான மென்பொருளை நிறுவுதல், நீக்குதல், காவல் அமைப்புகளை மாற்றுதல், பிறர் கோப்புறைக்குள் நுழைதல், கணினியின் கடிகாரத்தைத் திருத்துதல் ஆகியவை நிர்வாகியின் உரிமைகளாகும்.

ஆகவே, "அனுமதி இல்லை" என்று கணினி கூறும்போது, "நீங்கள் இப்போது வந்திருக்கும் பெயருக்கு இக்கதவின் சாவி கொடுக்கப்படவில்லை" என்றே நாம் பொருள் கொள்ளல் வேண்டும்.

இவ்வேற்பாடு எவ்வாறு தோன்றியது?

இதன் வரலாறு சுவையானது. முற்காலத்தில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் பெருங்கருவி. அதனை ஒருவர் மட்டும் பயன்படுத்துவது பெருஞ்செலவாக இருந்தது. ஆகவே ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1961ஆம் ஆண்டில் செய்து காட்டினர். பலர் பகிரும் கருவியில் ஒருவருடைய கோப்பை மற்றவர் அழித்துவிடக் கூடாதன்றோ? அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் தேவைப்பட்டது. பின்னர், 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் எல்லா உரிமையும் பெற்ற ஒரு பயனர் இருந்தார். அவருக்கு 'ரூட்', அதாவது வேர் என்று பெயர்.

வீட்டுக் கணினிகளின் கதை வேறு. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் சொந்தக் கணினி வெளிவந்தபோது, ஒருவருக்கு ஒரு கணினி என்பதே எண்ணமாக இருந்தது. அதில் நிர்வாகி, பயனர் என்ற பாகுபாடே இல்லை. 2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இப்பாகுபாடு இருந்தபோதிலும், வீடுகளில் பெரும்பாலோர் நிர்வாகியாகவே எந்நேரமும் இருந்தனர். ஸ்டோர் கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது எனலாம். இணையத்தின் வழியாக வந்த கேடு செய்யும் மென்பொருள்களும் அக்கதவின் வழியே உள்ளே புகுந்தன. இந்நிலையை மாற்றவே, 2007ஆம் ஆண்டு சனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், நிர்வாகியே ஆயினும் முக்கியமான செயலுக்கு முன் "இதனை அனுமதிக்கின்றீர்களா?" என்று கணினி கேட்கும் வழக்கம் கொண்டுவரப்பட்டது. இன்றைய விண்டோஸ் 11 வரை அவ்வழக்கம் நீடிக்கின்றது.

'ஆம்' என்னும் ஒரு சொல்

அவ்வினா தோன்றும்போது திரை சற்று மங்கும். நடுவில் ஒரு பெட்டி தோன்றும். நிர்வாகியாக இருப்பவரிடம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையை மட்டும் அது கேட்கும். சாதாரணப் பயனரிடமோ நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இவ்வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், நிர்வாகிக் கணக்கில் அமர்ந்து விளையாடும் ஏழு வயதுப் பிள்ளை 'ஆம்' என்பதை ஒரு முறை அழுத்தினாலே கதவு திறந்துவிடும். சாதாரணக் கணக்கில் இருந்தால், அப்பிள்ளை எழுந்து போய் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வர வேண்டியிருக்கும். அந்தச் சில அடி தூர நடையே வீட்டைக் காக்கும் வேலியாகும்.

அழைக்கப்பட்ட பெற்றோர் மூன்று செய்திகளைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பெட்டியில் உள்ள மென்பொருளின் பெயர் நாம் நிறுவ விரும்பியதுதானா? இரண்டாவது, அதனை வெளியிட்டவர் பெயர் இருக்கின்றதா, அன்றி 'அறியப்படாதவர்' என்று இருக்கின்றதா? மூன்றாவது, இக்கேள்வி நாம் ஒரு செயலைத் தொடங்கியதனால் எழுந்ததா, அன்றி நாம் வாளா இருக்கத் தானே எழுந்ததா? நாம் எதையும் தொடங்காதிருக்கத் தோன்றும் கேள்விக்கு 'இல்லை' என்பதே தக்க விடையாகும். 'இல்லை' என்று கூறியதனால் கணினி கெட்டுவிடாது. தேவையானதாயின் பிறகு மீண்டும் முயலலாம். தவறாகக் கூறிய 'ஆம்' என்பதை மீட்பதுதான் கடினம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு

ஒரு வீட்டுக் கணினியில் குறைந்தது இரண்டு கணக்குகள் இருத்தல் நலம். ஒன்று நிர்வாகிக் கணக்கு. இதன் கடவுச்சொல் பெற்றோரிடம் இருத்தல் வேண்டும். மற்றது அன்றாட வேலைக்குரிய சாதாரணக் கணக்கு. பெற்றோரும் தம் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கிலேயே செய்தல் சிறப்பு. ஸ்டோர் பொறுப்பாளரும் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு வீட்டிற்குப் போவதில்லை அன்றோ?

இப்போது ஒரே ஒரு கணக்கு மட்டும் உள்ள வீடுகளில் இம்மாற்றத்தைப் பின்வரும் வரிசைப்படி செய்தல் வேண்டும். முதலில் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'அக்கவுண்ட்ஸ்' என்பதனுள் செல்க. அங்கே விண்டோஸ் 11இல் 'அதர் யூசர்ஸ்' என்றும், விண்டோஸ் 10இல் 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்றும் ஒரு பிரிவு காணப்படும். அதில் புதிய கணக்கு ஒன்றை உண்டாக்குக. பிறகு 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' என்பதை அழுத்தி, அப்புதிய கணக்கை நிர்வாகியாக்குக. அடுத்து, பழைய கணக்கிலிருந்து வெளியேறிப் புதிய கணக்கில் நுழைந்து பார்க்க. அது செம்மையாக வேலை செய்வதை உறுதி செய்துகொண்ட பின்னரே, பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுக. இவ்வாறு செய்வதனால் பழைய கணக்கில் உள்ள கோப்புகள் எவையும் இடம் மாறா. புதிய சாவி கையில் வரும் முன் பழைய சாவியை ஒப்படைத்தல் கூடாது என்பதே இவ்வரிசையின் கருத்தாகும்.

கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் வைத்திருக்கும் உறையில் வைத்துப் பூட்டுங்கள். எழுதி வைப்பது பிழை என்று சிலர் கூறுவர். கணினியின் மேலேயே ஒட்டி வைப்பதுதான் பிழை. வீட்டு அலமாரியில் பூட்டி வைத்த தாளை வெளியூரில் இருக்கும் இணையத் திருடனால் எடுக்க இயலாது.

அடிக்கடி நேரும் இடர்கள்

இனி, வீடுகளில் அடிக்கடி நேரும் இடர்களையும் அவற்றிற்குரிய தீர்வுகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. மென்பொருளை நிறுவ முடியவில்லை. சாதாரணக் கணக்கில் இருக்கும்போது இது இயல்பு. நிர்வாகியின் கடவுச்சொல்லை இட்டால் வேலை நடக்கும். ஆனால் இடுவதற்கு முன், அம்மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் வேண்டும். அதனை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ விண்டோஸின் சொந்தக் கடையிலிருந்தோ பெற்றதாயின் நன்று. விலையுள்ள விளையாட்டை இலவசமாகத் தருவதாகக் கூறி, "முதலில் உங்கள் வைரஸ் தடுப்பை நிறுத்துங்கள்" என்று சொல்லும் இடம் நல்ல இடமன்று. நாயைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு வீட்டிற்குள் வர விரும்புபவன் விருந்தினன் ஆகான்.

2. கோப்பைத் திறக்கவோ அழிக்கவோ முடியவில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று உண்டு. அக்கோப்பை வேறொரு மென்பொருள் அந்நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அதனை மூடிவிட்டோ கணினியை மீண்டும் தொடக்கியோ பார்த்தால் சரியாகும். அக்கோப்பு விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் இருக்கலாம். அதனைத் தொடாமல் விட்டுவிடுதலே அறிவுடைமை. அக்கோப்பு வேறொருவர் பெயரில் இருக்கலாம். இதனை அடுத்துக் காண்போம்.

3. பழைய கணினியின் வட்டில் உள்ள படங்களைத் திறக்க முடியவில்லை. பழைய கணினி பழுதாகி, அதன் வட்டை எடுத்துப் புதிய கணினியில் இணைத்தால், அதிலுள்ள கோப்புறைகள் இன்னமும் பழைய கணக்கின் பெயரிலேயே இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கணினிக்கு அது வேறு ஆளே. ஏனெனில் அது பயனரைப் பெயரால் அறிவதில்லை, உள்ளே வைத்திருக்கும் நீண்ட எண்ணால் அறிகின்றது. நிர்வாகியாக இருந்து அக்கோப்புறையைத் திறந்தால், 'கண்டினியூ' என்னும் பொத்தான் தோன்றும். அழுத்தினால் பெரும்பாலும் வழி திறக்கும். திறவாவிடின், அக்கோப்புறையின் மேல் வல அழுத்தம் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று வரிசையாகச் சென்று, 'ஓனர்' என்னும் உரிமையாளர் பெயரை நம் பெயராக மாற்றலாம். படங்கள் உள்ள கோப்புறைக்கு மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும். முழு வட்டிற்கும், அல்லது விண்டோஸ் கோப்புறைக்கும் செய்தால், இயங்குதளமே தடுமாறிப் போகக்கூடும்.

4. இடுபணியைச் சேமிக்க முடியவில்லை. பிள்ளைகள் சில வேளைகளில் 'சி' வட்டின் முகப்பிலேயோ மென்பொருள்களுக்குரிய கோப்புறையிலேயோ சேமிக்க முயல்வர். அவ்விடங்கள் நிர்வாகிக்கு உரியவை. 'டாக்குமெண்ட்ஸ்' என்னும் கோப்புறையில் சேமித்தால் தடையிராது. அங்கும் தடை வருமாயின், வட்டில் இடம் நிறைந்துவிட்டதா என்று பார்க்க. அன்றி, 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' என்னும் காவல் இயக்கப்பட்டிருந்தால், அறிமுகமில்லாத மென்பொருள்கள் அக்கோப்புறையில் எழுதுவதை அது தடுக்கும். அந்நிலையில் முழுக் காவலையும் நிறுத்தாமல், நமக்கு நன்கு தெரிந்த அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தல் போதும்.

5. "இவ்வமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கின்றது" என்று வருகின்றது. வீட்டில் இருக்கும் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கின்றது என்று நாம் வியப்போம். கணினி பள்ளியாலோ பணியிடத்தாலோ இரவலாகக் கொடுக்கப்பட்டதாயின், அதன் நிர்வாகி கொடுத்தவரே. அவரைக் கேளாமல் அதனை மாற்றுதல் முறையன்று. கணினி கைமாறி விலைக்கு வாங்கியதாயின், முன்னாள் உரிமையாளரின் பணியிடக் கணக்கு இன்னும் அதில் இணைந்திருக்கக்கூடும். விற்றவரைக் கொண்டே அதனை நீக்கச் செய்து, பிறகு 'ரீசெட் திஸ் பிசி' என்பதன் வழி யாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குதல் நன்று. அவ்வாறு அழித்த பின்னும் ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்குமாயின், அக்கணினி இன்னும் அந்நிறுவனத்தின் பதிவில் உள்ளது என்பதே பொருள். அதனை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டல் வேண்டும். ஆகவே, பழைய கணினி வாங்குவோர் பணம் கொடுக்கும் முன்னரே கணினியை முழுமையாகத் தொடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

6. கடவுச்சொல் மறந்துபோயிற்று. மைக்ரோசாப்ட் கணக்காயின், பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொண்டு வேறொரு கருவியிலிருந்து புதிய கடவுச்சொல்லை அமைக்கலாம். ஆகவே, கைப்பேசி எண்ணை மாற்றினால் கணக்கிலும் உடனே மாற்றிவிட வேண்டும். கணினிக்குள் மட்டும் உள்ள கணக்காயின், தொடக்கத்தில் அமைத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகள் உதவும். சில கணினிகளில் வட்டு முழுவதும் மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அத்தகையவை சில வேளைகளில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதனை இன்றே பார்த்துத் தாளில் எழுதிக் கடவுச்சொல்லுடன் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வெண் தொலைந்தால் அவ்வட்டில் உள்ளதைக் கடைக்காரராலும் எடுக்க இயலாது. கணினியைச் செய்தவராலும் இயலாது.

7. இணையத் தளங்கள் எவையும் திறக்கவில்லை; பாதுகாப்பு எச்சரிக்கையே வருகின்றது. முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று கணினி தவறாகக் கருதும். சாதாரணப் பயனர் நேரத்தைத் திருத்த இயலாது. நிர்வாகி திருத்துதல் வேண்டும். திருத்தியும் மறுநாள் மீண்டும் பின்தங்கினால், கணினிக்குள் இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலமாகும். குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

8. கணினி மிக மெதுவாக இயங்குகின்றது. எல்லாவற்றையும் நிர்வாகியாக இயக்கினால் வேகம் கூடும் என்று சிலர் நம்புகின்றனர். அஃது உண்மையன்று, அதிகாரம் வேறு, வேகம் வேறு. கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும் மென்பொருள்களைக் குறைத்தல், வட்டில் போதிய இடம் விடுதல், நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளை முடித்தல் ஆகியவையே பயன் தரும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

காவலுக்கும் ஓர் எல்லை உண்டு

சாதாரணக் கணக்கில் இருந்துவிட்டால் எந்தக் கேடும் வராது என்று எண்ணிவிடலாகாது. அக்கணக்கு கணினியின் அடித்தளத்தைக் காக்கும். ஆனால் நம் கோப்புகளை அழிக்கும் உரிமை நமக்கு உண்டன்றோ? நாம் திறந்துவிட்ட கேடான மென்பொருளுக்கும் அதே உரிமை கிடைத்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பீன்சிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்னும் கேடு, காதல் கடிதம் போல் மின்னஞ்சலில் வந்தது. ஆவலால் அதனைத் திறந்தவர்களின் படக் கோப்புகள் பல அழிந்துபோயின. கதவை உடைத்து அது வரவில்லை. அழைக்கப்பட்டே உள்ளே வந்தது.

ஆகையால், இன்றியமையாத கோப்புகளுக்கு மறுபடி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வெளிவட்டு ஒன்றில் மாதம் ஒருமுறை படங்களையும் பாடக் கோப்புகளையும் நகலெடுத்து, நகலெடுத்த பின் அவ்வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். இணைந்தே இருக்கும் வட்டு, கணினிக்கு வரும் கேட்டில் தானும் பங்கு கொள்ளும்.

மற்றோர் அபாயத்தையும் இங்கே எடுத்துரைத்தல் எம் கடமையாகும். தொலைபேசியில் ஒருவர் அழைத்து, "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கின்றது, இம்மென்பொருளை நிறுவி 'ஆம்' என்று அழுத்துங்கள், நாங்கள் சரிசெய்கிறோம்" என்பார். அவர் நிறுவச் சொல்வது, தொலைவிலிருந்து நம் கணினியை ஆட்டுவிக்கும் கருவியாகும். கணினி நிறுவனங்கள் இவ்வாறு தாமாக அழைப்பதில்லை. நம் கையாலேயே ஸ்டோர் சாவியை வாங்கிக்கொள்ளும் தந்திரம் இது. வாழ்நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த சேமநிதியும் வங்கிப் பணமும் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடும். அவ்வாறு அனுமதித்துவிட்டதை உணர்ந்தால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும், 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைத்தல் வேண்டும். பணத்தைத் தடுத்து நிறுத்துவதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்காகும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோர் பலர், "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, கணினி பிள்ளையின் பொறுப்பு" என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். கணினியைக் கையாளும் திறமை பிள்ளையிடம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் எதை வீட்டிற்குள் விடலாம், எதை விடலாகாது என்று முடிவு செய்யும் பக்குவம் பெற்றோரிடமே உள்ளது. அதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. "இது என்ன? எங்கிருந்து வந்தது? இதனால் நமக்கு என்ன பயன்?" என்ற மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம். பிள்ளை விளக்கிச் சொல்லட்டும். விளக்கத் தெரியாத ஒன்றுக்குக் கடவுச்சொல் இடாதீர்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் கூறிவிட்டு, "நீயே போட்டுக்கொள்" என்பது சாவியை அவன் கையில் கொடுப்பதே ஆகும். அதே வேளையில், நியாயமாகக் கேட்கும் பிள்ளையை அலைய விடுதலும் நன்றன்று. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளை திருட்டு வழியை நாடாது.

மாணவச் செல்வங்களே! பூட்டைத் திறக்கத் தெரிந்துகொள்வது திறமைதான். ஆனால் பிறருடைய பூட்டை அவர் அறியாமல் திறப்பது திறமையாகாது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதை நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாகவே கருதுகின்றது. கணினி உங்களை மறுக்கும்போது சினங்கொள்ளாமல், திரையில் எழுதியிருப்பதை முழுமையாகப் படியுங்கள். பொருள் விளங்காவிடின் அகராதியைப் பாருங்கள், ஆசிரியரைக் கேளுங்கள். அச்செய்தியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதிப் பழுதுகள் படித்துப் பார்த்த அளவிலேயே தீர்ந்துவிடும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

அனுமதி மறுக்கப்படும் இடத்தில் காரணத்தைக் கேட்டு அறிக. காரணம் விளங்கிய பின், வேண்டிய ஒரு கதவை மட்டும், வேண்டிய நேரத்திற்கு மட்டும் திறக்க. வேலை முடிந்ததும் சாவியை உரிய இடத்தில் வைக்க. இந்த ஒழுங்கு பழகிவிட்டால் கணினிக்காகக் கடைக்கு அலையும் செலவு குறையும். பிள்ளைகளின் படிப்பும் தடையின்றி நடக்கும். இந்தப் பள்ளி விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாள் மாலை கணினியின் முன் ஒன்றாக அமர்ந்து, "நம் வீட்டுக் கணினியின் நிர்வாகி யார்?" என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.